ஜனவரி 5: கொடைக்கானலில் சூரியன், மெல்பர்னில் மழை

பத்திரிகைகளில் ராசிபலனுக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவே "வரலாற்றில் இன்று" என்று ஒரு கட்டம் வரும். ஜனவரி 5-ஆம் தேதிக்கு அதில் யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பார்த்தால் நல்ல கூட்டம்தான். ஷாஜகான் பிறந்தார். எக்ஸ் கதிர் பற்றி உலகம் முதன்முதலில் படித்தது. ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். கோல்டன் கேட் பாலத்தின் வேலை தொடங்கியது. முதல் ஒருநாள் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. புளூட்டோவின் பதவிக்கு உலைவைத்த ஏரிஸ் என்ற குறுங்கோள் கண்ணில் பட்டது. இத்தனை பேருக்கு இடம் கொடுத்துவிட்டு, பழனி மலையின் மேல் நடந்த ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 1909 ஜனவரி 5 அன்று கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் படம் பிடித்தார். சூரியனில் அதுவரை யாரும் அறியாத ஓர் ஓட்டம் அதில் தெரிந்தது.

எங்கள் ஊர் விஷயம் விட்டுப்போகிறதே என்ற ஆதங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலை உட்கார்ந்து ஆராய்ந்தால் வேறு ஒன்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கு அது சம்பவம் நடந்த நாள், இன்னொன்றுக்கு மேடையில் அறிவித்த நாள், மற்றொன்றுக்குப் பேப்பரில் வந்த நாள். ஒன்று, பழைய படத்தை யாரோ மறுபடி எடுத்துப் பார்த்த நாள். ஒன்றுக்கு, "இதுதான் முதலாவது" என்ற பெயர் பிற்பாடுதான் கிடைத்தது. ஒரு சம்பவத்துக்குத் தேதி தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் முடிவு செய்து எழுதுகிறார். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தேடிப் போனால் சம்பவத்தைவிட அதுவே சுவையாக இருக்கிறது.

எவர்ஷெட்டிலிருந்தே தொடங்கலாம். பட்டியலில் சுத்தமான தேதி அவருடையதுதான்.

கொடைக்கானலில் அப்சர்வேட்டரி வந்ததற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். அது போனபிறகு, மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி அரசாங்கத்தை அரித்தது. சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 வருஷச் சுழற்சியில் கூடிக் குறைவது அப்போதே தெரியும். அதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் நம்பினார்கள். அப்படியானால் தினமும் சூரியனைப் பார்க்கவேண்டும், அதற்கு மேகமும் புழுதியும் குறைந்த உயரமான இடம் வேண்டும். சார்லஸ் மிச்சி ஸ்மித் 1880-களில் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார்.

நிறுவிய நாள் என்று 1899 ஏப்ரல் 1-ஐச் சொல்வார்கள். ஏப்ரல் 1 என்றதுமே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அது நிதியாண்டு தொடங்கும் நாள். சென்னை, கொடைக்கானல் ஆய்வகங்கள் மாகாண அரசிடமிருந்து இந்திய அரசின் பொறுப்புக்கு மாறிய நாள் அது. வானத்தில் அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. பேரேட்டில்தான் நடந்தது.

எவர்ஷெட் இங்கே வந்தது 1907-இல், 42 வயதில். இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்ந்த அமெச்சூர் அவர். மனைவி மேரியும் வானியல் தெரிந்தவர். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் பற்றி இருவரும் சேர்ந்தே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். வருகிற வழியில் எவர்ஷெட் அமெரிக்காவில் இறங்கி, மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேலைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருஷமே, 1908-இல், கரும்புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருப்பதை ஹேல் கண்டுபிடித்தார். கரும்புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற அமைப்புகளும் அவருடைய படங்களில் தெரிந்தன. அப்படியானால் கரும்புள்ளி என்பது சுற்றிச் சுழலும் ஒரு புயலா?

இதைச் சோதிக்க வழி உண்டு. மலைப்பாதையில் எதிரே வரும் ஆம்புலன்ஸ் சைரன் கிட்டே வரும்போது கூர்மையாகவும், தாண்டிப் போனதும் மந்தமாகவும் கேட்கிறதல்லவா, ஒளிக்கும் அப்படித்தான். ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுநடுவே மெல்லிய கோடுகள் தெரியும், நிறமாலைக் கோடுகள் என்பார்கள். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு ஊதாப் பக்கம் கொஞ்சம் நகரும்; விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கம் நகரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வாயுவுக்கு, கோட்டின் அலைநீளம் லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாது. கண்ணாடித் தட்டில் எடுத்த படத்தில் அதை அளக்கவேண்டும். காற்று அலையாமல் இருந்தால்தான் முடியும். வெயில் ஏறித் தரை சூடாகிவிட்டால் படம் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல் நெளியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல்லில் உறைபனி படிந்து, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் ஜனவரிக் காலைகள் இதற்கு வாகானவை. கொடைக்கானலில் ஒரு மார்கழியாவது இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரும்புள்ளியின் நடுவில் இருண்ட பகுதி இருக்கும், அதைச் சுற்றி இழை இழையாகப் புறநிழல். வாயு சுழல்கிறது என்றால் கோடுகள் ஒருவிதமாக நகரவேண்டும். எவர்ஷெட்டின் தட்டில் அப்படி இல்லை. கரும்புள்ளி சூரிய வட்டின் நடுவை விட்டு விளிம்புப் பக்கம் இருக்கும்போது, புறநிழலில் வட்டின் நடுவைப் பார்த்த பக்கம் ஊதாவை நோக்கியும் வட்டின் விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்பை நோக்கியும் கோடுகள் சாய்ந்தன. வட்டின் நடுவே உள்ள புள்ளியில் அந்தச் சாய்வு மறைந்தது. இதற்குப் பொருந்தும் விளக்கம் ஒன்றுதான்: வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிப்பக்கமாக, சூரியனின் மேற்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாக வழிந்து ஓடுகிறது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். முதலில் ஆய்வகத்தின் சொந்த அறிக்கையில், அதே 1909-இல் வெளியிட்டார்.

இங்கே தேதி என்பது ஒளி வந்து தட்டில் விழுந்த நாள். படம் எடுத்தவரே பார்த்தார், பார்த்தவரே புரிந்துகொண்டார். ஆய்வுக்கட்டுரை பிற்பாடு வந்தாலும் யாரும் அந்தத் தேதியைப் போடுவதில்லை. இப்படி எல்லாம் ஒரே நாளில் கூடிவருவது அபூர்வம்.

இதற்கு நேர் எதிர், ரண்ட்கனின் எக்ஸ் கதிர். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கதிரை அவர் முதலில் கவனித்தது 1895 நவம்பர் 8. மனைவியின் கையைப் படமெடுத்தது டிசம்பர் 22. கட்டுரையைக் கொடுத்தது டிசம்பர் 28. புத்தாண்டன்று சில சக விஞ்ஞானிகளுக்குப் பிரதியும் படங்களும் தபாலில் போட்டார். வியன்னாவுக்குப் போன தபால் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சேர்ந்தது. 1896 ஜனவரி 5 அன்று அந்தப் பேப்பரின் முதல் பக்கத்தில் செய்தி. அப்புறம் சில நாட்களுக்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆக, ஒரே கண்டுபிடிப்புக்கு நான்கு ஐந்து தேதிகள் இருக்கின்றன. விஞ்ஞானிகள் நவம்பர் 8-ஐக் கொண்டாடுகிறார்கள், "வரலாற்றில் இன்று" தொகுப்பவர் எந்தத் தேதியில் இடம் காலியாக இருக்கிறதோ அங்கே செருகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் ஜனவரி 5-ம் மோசமான தேர்வு இல்லை. நவம்பர் 8 அன்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு சம்பவம் வரலாறாவது அது நாலு பேருக்குத் தெரியும்போதுதானே.

ஏரிஸ் கதை இன்னும் வேடிக்கை. கலிபோர்னியாவில் பாலோமர் ஆய்வகத் தொலைநோக்கி அதைப் படம் பிடித்தது 2003 அக்டோபர் 21. மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ராபினோவிட்ஸ் மூவரின் குழு அது. நகரும் புள்ளிகளைத் தேடிக் கொடுக்கும் மென்பொருள், மிக மெதுவாக நகர்பவற்றை வேண்டாத சத்தம் என்று ஒதுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஏரிஸ் அப்போது சூரியனிலிருந்து, பூமி இருக்கும் தூரத்தைப்போல் சுமார் 97 மடங்கு தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பது ஊர்ந்துதானே போகும்? மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. பிறகு பழைய படங்களை வேகவரம்பைத் தளர்த்தி மறுபடி சலித்தபோது, 2005 ஜனவரி 5 அன்று அது சிக்கியது. அறிவித்தது அந்த ஜூலை 29. இதனால் கிளம்பிய சர்ச்சையில் 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு வரையறை வகுக்க, புளூட்டோ குறுங்கோள் பட்டியலுக்கு இறங்கியது. ஏரிஸ் என்ற பெயரே அதற்கும் பிறகு செப்டம்பரில்தான் வந்தது. கிரேக்கப் புராணத்தில் சச்சரவுக்கான தேவதை அவள். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

எவர்ஷெட்டின் ஜனவரி 5-இல் ஒளி வந்ததும் மனிதன் பார்த்ததும் சேர்ந்து நடந்தன. ஏரிஸின் ஜனவரி 5-இல் ஒளி வந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இரண்டுமே வானியல், இரண்டுமே கண்டுபிடிப்பு, ஒரே தேதி. ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1970-71 ஆஷஸ் தொடரின் மெல்பர்ன் டெஸ்ட், மழையால் முதல் மூன்று நாள் ஒரு பந்துகூட வீசமுடியாமல் போனது. டெஸ்ட்டைக் கைவிட்டு, ரசிகர்களுக்கும் கல்லாவுக்கும் ஏதாவது செய்யவேண்டுமே என்று 1971 ஜனவரி 5 அன்று ஒரு நாள் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். ஒரு ஓவருக்கு எட்டுப் பந்து, பக்கத்துக்கு 40 ஓவர். வெள்ளை உடை, சிவப்புப் பந்து. இங்கிலாந்து 190 ரன், ஜான் எட்ரிச் 82. ஆஸ்திரேலியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. கூட்டம் 46,000 பேர் வந்ததும்தான் வாரியக்காரர்களுக்கு இதில் இருக்கும் வியாபாரம் உறைத்தது. சரித்திரம் படைக்கிறோம் என்று நினைத்து யாரும் அன்றைக்கு மைதானத்தில் இறங்கவில்லை. பிற்பாடு இந்த வகை ஆட்டம் ஊன்றிப் பெருகியபிறகு, பின்னோக்கிப் பார்த்து "ஒருநாள் சர்வதேச ஆட்டம் எண் 1" என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். சம்பவம் ஜனவரி 5-இல் நடந்தது உண்மை. ஆனால் அது "முதல்" ஆனது வேறொரு நாளில்.

மற்றவற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஃபோர்டு 5 டாலரை அறிவித்தது 1914 ஜனவரி 5. நடைமுறைக்கு வந்தது ஒரு வாரம் கழித்து, ஜனவரி 12. அறிவிப்பைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் மிச்சிகன் குளிரில் ஆலை வாசலில் குவிந்து, கடைசியில் அவர்கள்மீது தண்ணீர் பீய்ச்சி விரட்டும் அளவுக்குப் போனது. அந்த 5 டாலரும் எல்லாருக்கும் சும்மா கிடைக்கவில்லை, வீட்டு ஒழுக்கத்தைக்கூட நிறுவனம் ஆளனுப்பி விசாரித்தது. தலைப்புச் செய்தியில் அதெல்லாம் வராது. கோல்டன் கேட் பாலத்துக்கு 1933 ஜனவரி 5-இல் மண் வெட்டத் தொடங்கினார்கள், பூமி பூஜை மாதிரியான விழாவை பிப்ரவரி 26-இல் வைத்தார்கள். நம் ஊரில் பூஜை முன்னால், வேலை எப்போதாவது. டிரைஃபஸ் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரிக்கு, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை விதித்தது 1894 டிசம்பர் 22. ஆனால் 1895 ஜனவரி 5 அன்று பாரிஸில் எல்லார் முன்னிலையிலும் அவர் சட்டையிலிருந்து பதவிப் பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்துப் போட்ட காட்சிதான் மக்கள் மனதில் நின்றது.

மரணங்கள் மட்டும் இந்தக் குழப்பத்தில் சிக்குவதில்லை. தென்துருவப் பயணி ஷாக்கிள்டன் 1922 ஜனவரி 5 விடிகாலையில் சவுத் ஜார்ஜியா தீவில் கப்பலிலேயே இறந்தார். குவாண்டம் இயற்பியலின் மூலவர்களில் ஒருவரான மாக்ஸ் போர்ன் இறந்தது 1970 ஜனவரி 5. நாஜிகளால் வேலையிழந்த போர்னை 1930-களில் பெங்களூருக்கு வரவழைத்தவர் சி.வி. ராமன் என்பதால் தெற்கத்திக்காரர்களுக்கு அவர்மேல் ஒரு தனி உரிமை உண்டு.

இனி ஷாஜகான். லாகூரில் அவர் பிறந்த நாளை முகலாய அரண்மனைக்காரர்கள் குறித்து வைத்தது ஹிஜ்ரி கணக்கில். அதை ஐரோப்பியக் கணக்குக்கு மாற்றும்போது 1592 ஜனவரி 5 வருகிறது, பழைய ஜூலியன் நாட்காட்டியில். பத்து வருஷம் முன்பே, 1582-இல், போப் கிரிகோரி பத்து நாளை வெட்டிவிட்டுப் புதிய நாட்காட்டியைக் கொண்டுவந்திருந்தார். இங்கிலாந்து அதை ஏற்றது 1752-இல்தான். இன்று நம் சுவரில் தொங்குவது கிரிகோரியின் நாட்காட்டி. அதன்படி ஷாஜகான் பிறந்தது ஜனவரி 15. இதே சுவர்க் காலண்டரை வைத்துப் பார்த்தால் அவர் இந்தப் பட்டியலிலேயே வரக்கூடாது. 1066-இல் ஜனவரி 5 அன்று இறந்த இங்கிலாந்து அரசர் எட்வர்டும், 1477-இல் இதே தேதியில் நான்சி போரில் மாண்ட பர்கண்டி பிரபு சார்லஸும்கூட ஜூலியன் ஆட்கள்தான். ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், டிக்கெட் வேறு நாளுக்கானது.

தமிழ்க் கணக்கும் இதில் சேர்ந்தால் இன்னும் சிக்கல். இப்போதெல்லாம் ஜனவரி 5 மார்கழி 21 வாக்கில் வருகிறது. நம் வருஷம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது, கிரிகோரியின் வருஷம் பருவங்களை வைத்து. இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தால் 60, 70 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவும். ஆகவே எவர்ஷெட்டின் ஜனவரி 5-ம் இன்றைய ஜனவரி 5-ம் ஒரே தமிழ்த் தேதியில் விழவேண்டும் என்று கட்டாயமில்லை.

தேதி மட்டுமா, நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே அன்று ஒற்றுமை கிடையாது. இரவெல்லாம் நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு நள்ளிரவில் தேதி மாறினால் குறிப்பேட்டில் குழப்பம். அதனால் வானியலாளர்கள் நாளை நண்பகலில் தொடங்கினார்கள். 1925 வரை இதுதான் வழக்கம். அந்தக் கணக்கில், ஜனவரி 5 காலை எட்டு மணி என்பது இன்னும் ஜனவரி 4. கொடைக்கானலில் காலை எட்டு என்றால் கலிபோர்னியாவில் ஹேலுக்கு முந்தின நாள் மாலை ஆறரை. இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் என்று ஒன்று வந்ததே 1906-இல்தான். அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது சென்னை நேரத்தில். அதைக் கணித்துக் கொடுத்தது நுங்கம்பாக்கத்து ஆய்வகம், அதாவது கொடைக்கானல் அப்சர்வேட்டரியின் தாய்வீடு. நாட்டுக்கு மணி சொன்ன குடும்பத்தின் அடுத்த தலைமுறை மலையேறி வந்து சூரியனைப் பார்க்க உட்கார்ந்தது.

மலைக் கிராமங்களில் வயசானவர்களிடம் பிறந்த தேதி கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு தாத்தாவின் ஆதார் அட்டையில் மே மாதமோ ஜூன் மாதமோ போட்டிருக்கும். பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, கை எட்டியதும், ஜூன் மாதச் சேர்க்கைக்கு ஐந்து வயது நிறைவது போல ஒரு தேதியைத் தானே எழுதிக்கொண்டது அது. பையனுடைய அம்மாவுக்குத் தெரிந்தது "கார்த்திகை, நல்ல மழை, பரணி நட்சத்திரம்" என்பது மட்டும். இந்த மலையின் பழங்குடியினரான பளியர்கள் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று வைத்து வயதைச் சொன்னதாகவும் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. நாள் கணக்குக்கு ஆகாது, ஆயுள் கணக்குக்குத் தாராளமாகப் போதும். ஓய்வு பெறும் தேதி, பென்ஷன், முதியோர் உதவித்தொகை எல்லாம் மட்டும் அந்த ஹெட்மாஸ்டரின் பேனாவை நம்பி ஓடுகின்றன.

சரி, தேதிகள் இவ்வளவு தளர்வானவை என்றால், "அடடா, ஒரே நாளில்!" என்று ஏன் நமக்குச் சிலிர்க்கிறது? கணக்குப் போட்டால் சிலிர்ப்பு கொஞ்சம் அடங்கும். வருஷத்தில் 366 தேதிதான் உண்டு, வரலாற்றிலோ லட்சக்கணக்கான சம்பவங்கள். எந்தத் தேதியைத் தொட்டாலும் ஒரு கூட்டம் நிற்கும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே அதில் இருவருக்கு ஒரே பிறந்த நாள் அமைய வாய்ப்பு பாதிக்கு மேல். 40 பேர் வகுப்பென்றால் நூற்றுக்கு 89. குறிப்பிட்ட ஒருவரோடு ஒத்துப்போவது கடினம், யாராவது இருவர் ஒத்துப்போவது சுலபம். நம் மனசு இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. ஹெட்மாஸ்டர் போட்ட தேதிகள் நிறைந்த அந்தக் கால வகுப்பில் இது இன்னும் சுலபம், பாதிப்பேர் ஒரே பருவத்தில் பிறந்திருப்பார்கள்.

தொகுப்பவர் கையும் இதில் உண்டு. ஆயிரம் சம்பவத்தில் ஒன்றோடொன்று பேசுவதுபோல் இருக்கும் நாலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொடர்பு தானே முளைக்கும். நானும் இங்கே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்: எவர்ஷெட், ஏரிஸ், அப்புறம் 1972 ஜனவரி 5 அன்று விண்வெளி ஓடத் திட்டத்துக்கு அதிபர் நிக்சன் பச்சைக்கொடி காட்டியது. மூன்றும் வானம் சம்பந்தப்பட்டவை. ஜனவரி 5-க்கும் வானத்துக்கும் ஏதோ பந்தம் என்று ஜோசியம் சொல்ல இது போதும். அந்த ஓடத்தின் முதல் பயணத்தைப் பாருங்கள், இன்னும் நல்ல உதாரணம். 1981 ஏப்ரல் 12 அன்று கிளம்பியது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. அச்சுப் பிசகாமல் இருபது வருஷம். திட்டமிட்டுச் செய்த மரியாதை என்றுதான் தோன்றும். கிளம்பவேண்டியது ஏப்ரல் 10; கணினிகளுக்குள் நேரம் ஒத்துப்போகாமல் இரண்டு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அப்சர்வேட்டரியின் உண்மையான பெருமை விசேஷ நாளில் இல்லை என்பது என் கட்சி. ஒன்றும் நடக்காத நாளில்தான் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துத் தேதி போட்டு அடுக்கியிருக்கிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் ஒன்று, கால்சியத்தின் ஒளியில் ஒன்று, 1912 முதல் ஹைட்ரஜனின் ஒளியிலும். முதல் உலகப்போர் நடந்தபோதும் எடுத்தார்கள், 1947 சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தார்கள். இந்தியாவை விட்டு எவர்ஷெட் போனபிறகும், அப்புறம் வானியலாளர் வைணு பாப்பு பொறுப்பேற்றபோதும், 1971-இல் இது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தபோதும் வேலை நிற்கவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலான அந்தத் தட்டுகளும் ஃபிலிம்களும் இப்போது கணினிக்கு ஏற்றப்பட்டிருக்கின்றன. சூரியச் சுழற்சி எப்படி ஏறி இறங்கியது என்று ஆராய்பவர்களுக்கு ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த இவ்வளவு நீண்ட வரிசை உலகில் மிகச் சில இடங்களில்தான் கிடைக்கும். அவர்களுக்கு 1909 ஜனவரி 5-ம் ஒன்றுதான், அதற்கு அடுத்த நாளும் ஒன்றுதான்.

இன்னொன்று. எவர்ஷெட் விளைவைக் கண்ட நாள் தெரியும், ஆனால் அந்த ஓட்டம் ஏன் ஏற்படுகிறது என்று புரிந்த நாள் எது? அப்படி ஒரு நாள் கிடையாது. பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. காந்தப்புலக் குழாய்களின் இரு முனைக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால் வாயு உறிஞ்சப்பட்டு ஓடுகிறது என்றார்கள் சிலர். சாய்ந்து கிடக்கும் காந்தப்புலத்தின் நடுவே கீழிருந்து கொதித்து எழும் வாயு வெளிப்பக்கமாகத் திரும்பி வழிகிறது என்பது, கணினியில் கரும்புள்ளியையே செயற்கையாக உருவாக்கிப் பார்க்க முடிந்த பிறகு வலுப்பெற்ற விளக்கம். நாலு கட்டுரை, பத்து மாநாடு, நூறு பேர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "வரலாற்றில் இன்று" கட்டத்தில் இதைப் போட எந்தத் தேதியும் கைகொடுக்காது.

நூற்றாண்டு வந்தபோது இந்தியத் தபால்துறை எவர்ஷெட் விளைவுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது, பெங்களூரில் சர்வதேச மாநாடும் நடந்தது. நூறு வருஷம் நிறைவது 2009 ஜனவரி 5. இரண்டையும் 2008 டிசம்பரிலேயே முடித்துவிட்டார்கள்.